தில்லை ஏடுகள் முதல் பாடநூல் க்யூஆர் கோடு வரை

ஒரு பொருள் இருப்பது வேறு, தேவைப்படும் நேரத்தில் அது கைக்குக் கிடைப்பது வேறு. கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்குக் காணொளி தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எது ஏழாம் வகுப்புக்கு உரியது? எது தமிழ்வழியில் உள்ளது? எது நமது பாடத்திட்டத்தோடு பொருந்துகிறது? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும்!

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு பாடப்பொருளின் மீதும் சரியான அடையாளச் சீட்டு ஒட்டுவதுதான். கணினி உலகில் இதை 'டேக்' என்பார்கள். இது புதிய சிந்தனை போலத் தோன்றும். ஆனால் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள மண்ணுக்கு இந்தச் சிக்கல் ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்பது குறிப்பிடத்தக்கது.

பூட்டிய அறை

தேவார ஏடுகள் கிடைத்த வரலாறு பலரும் அறிந்ததே. திருமுறைகண்ட புராணம் சொல்வது இதுதான். மன்னன் இராசராசன் மூவர் பாடல்களைத் தேடுகிறான். காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பி, அவை தில்லைக் கோயிலின் ஓர் அறையில் இருப்பதாகச் சொல்கிறார். பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறக்கிறான். உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் ஊற்றிப் புற்றை நீக்கியபோது ஒரு பகுதிதான் எஞ்சியது. இது மரபு வழி வந்த செய்தி.

இந்தக் கதையில் பலரும் கதவு திறந்ததோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஏறத்தாழ 800 பதிகங்களை அப்படியே குவித்து வைத்தால் யாருக்குப் பயன்? நம்பி அவற்றை ஏழு திருமுறைகளாக வகுத்தார். முதல் மூன்று சம்பந்தருக்கு, அடுத்த மூன்று நாவுக்கரசருக்கு, ஏழாவது சுந்தரருக்கு. அதற்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. சம்பந்தர், சுந்தரர் பதிகங்கள் பண் வரிசையில் அமைந்தன. நாவுக்கரசருக்கு ஐந்தாம் திருமுறை குறுந்தொகை, ஆறாம் திருமுறை தாண்டகம் என யாப்பும் அளவுகோலானது. மறந்துபோன பண்களை மீட்டுத் தந்தவர், விருத்தாசலம் பக்கத்தில் உள்ள திருஎருக்கத்தம்புலியூரில், யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்றும் அதே மரபு கூறுகிறது.

பண்முறை ஓதுவாருக்கு வசதி. ஆனால் ஒரு தலத்துக்குச் செல்லும் அடியவருக்கு அந்த ஊரின் பாடல்கள் மொத்தமாக வேண்டும். அவை வெவ்வேறு திருமுறைகளில் சிதறிக் கிடந்தன. ஆகவே பிற்காலத்தில் ஊர் வரிசையில் அடுக்கிய தலமுறைப் பதிப்புகளும் வந்தன. பாடல் ஒன்றுதான், தேடும் வழி இரண்டு. ஏட்டிலும் அச்சிலும் ஒரு நேரத்தில் ஒரு வரிசையைத்தான் வைக்க முடியும். இன்னொரு வரிசை வேண்டுமானால் இன்னொரு புத்தகம் போட வேண்டும்!

சீர்காழி தந்த நூலகர்

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்தால் சீர்காழி. சம்பந்தர் பிறந்த அதே ஊரில் 1892 ல் பிறந்தவர் சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924 ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, ஒரு பெரிய அங்காடியில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில வகைத் துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வண்டி, பாலம், பளுதூக்கி என்று எதையும் செய்யலாம். நூல்களின் பொருளையும் இப்படியே ஏன் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

அதுவரை புகழ்பெற்றிருந்த டூயி பகுப்புமுறையில், முன்பே எழுதி வைத்த பட்டியலில் ஓர் இடத்தைத் தேடி நூலை அங்கே வைக்க வேண்டும். அரங்கநாதனோ ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்தார். எதைப் பற்றியது, அதில் எந்தக் கூறு, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என ஒவ்வொன்றுக்கும் குறியீடு தந்து, இடையில் முக்காற்புள்ளி போன்ற குறிகளால் இணைத்தார். இதுவே 1933 ல் வெளியான கோலன் பகுப்புமுறை. அதற்கு முன்பே 1931 ல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்கிறது. ஆசிரியரின் நேரமும் அதில் அடக்கம்தானே!

இணையத்தில் அதே வேலை

1995 ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய நூலகர்களும் கணினி வல்லுநர்களும் இணைய ஆவணங்களுக்குப் பொதுவான விவரக்குறிப்பு முறையைத் தொடங்கினர். அது 'டப்ளின் கோர்' எனப்பட்டது. தலைப்பு, படைத்தவர், நாள், மொழி போன்றவை அதில் உண்டு. ஆனால் பள்ளிக்கு அது போதவில்லை. எந்த வயதினருக்கு, எந்தக் கற்றல் இலக்குக்கு என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்புகளை வகுக்க 2011 ல் தொடங்கிய முயற்சியின் பலன்கள், 2013 ல் தேடுபொறி நிறுவனங்களின் பொதுச் சொல்தொகுதியில் சேர்ந்தன.

இந்தியாவில் 2013 ல் திறந்தநிலைக் கல்வி வளங்களுக்கான தேசியக் களஞ்சியமும், 2017 ல் தீக்‌ஷா தளமும் வந்தன. தீக்‌ஷாவில் பாடத்திட்டம், பயிற்றுமொழி, வகுப்பு, பாடம் என்ற நான்கும் தேடலுக்கு அடிப்படை. அரங்கநாதனின் முகங்கள் வேறு பெயரில் வந்தது போல இல்லையா? 2018 ல் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வளம் திறக்கும். தேடவே வேண்டாம்.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். க்யூஆர் கோடு, புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்கு யாரோ இணைத்து வைத்ததை மட்டுமே காட்டும். அது ஒற்றை வரிசை, பண்முறை ஏடு போல. பாடநூல் மாறினால் இணைப்பையும் புதிதாக அமைக்க வேண்டும். பொருளின் மீதே சரியான அடையாளம் இருந்தால், பாடநூல் மாறினாலும் அது கிடைக்கும்.

தமிழுக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. ஒருவர் 'ஒளிச்சேர்க்கை' என்று குறிப்பார், இன்னொருவர் ஒற்றை விட்டு 'ஒளிசேர்க்கை' என்பார், மற்றொருவர் 'போட்டோசிந்தசிஸ்' என்பார். மூன்றும் ஒன்றென்று யாராவது சொல்லித் தராவிட்டால் கணினிக்கு அவை மூன்று பொருள்கள். பழைய கோப்புகள் பல, பலவிதமான எழுத்துருக் குறியாக்கங்களில் உள்ளன. 2010 ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு மாற்றப்படாத கோப்புகள் இன்றைய தேடலில் சிக்குவதில்லை.

ஆசிரியர்கள் இரவு விழித்துச் செய்த எத்தனையோ நல்ல பாடப்பொருள்கள் பெயரும் வகுப்பும் குறிக்கப்படாமல் இணையத்தில் கிடக்கின்றன. அங்கே கறையான் இல்லை. ஆனால் கண்டெடுக்க முடியாத கோப்புக்கும் புற்று மூடிய ஏட்டுக்கும் என்ன வேறுபாடு? பாடியவரைப் போலவே, வகுத்து வைத்தவரையும் தமிழ் மரபு பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறது. அடையாளச் சீட்டு ஒட்டும் வேலையும் கற்பித்தலின் ஒரு பகுதிதான்.