அச்சுக் கோத்தவரும் டைப் அடித்தவளும்

புளியங்குடியில் எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், எலுமிச்சை மண்டிகளுக்கான சிட்டை, இவைதான் அங்கே அச்சாகும். எண்பதுகளின் கடைசியில், பள்ளிவிட்டு வரும்போது வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பேன். உள்ளே ஓர் அண்ணாச்சி, கேஸைப் பார்க்காமலே ஈய எழுத்துகளை எடுத்து ஸ்டிக்கில் அடுக்குவார். இடவலம் மாறிக் கிடக்கும் எழுத்து அவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். திண்ணையில் பெண்கள் தாள் மடித்தார்கள், தைத்தார்கள், பசை தடவினார்கள். அவர் செய்தது ‘தொழில்’. இவர்கள் செய்தது ‘வேலை’.

தமிழ் அச்சுக்கோப்பு எளிதல்ல. 247 எழுத்துகள்; கு, கூ போன்ற உகர, ஊகார எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். 1935இலேயே பெரியார் ‘குடிஅரசு’ இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் புழங்கினார். 1978இல் தமிழக அரசு அவற்றில் 13 எழுத்துகளை ஏற்றது. எழுத்து எளிதானது, கேஸின் முன் நிற்கும் ஆள் மாறவில்லை.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். 1860இல் லண்டனில் எமிலி ஃபெய்த்ஃபுல் பெண்களை அச்சுக்கோக்க வைத்து விக்டோரியா அச்சகம் தொடங்கியபோது ஆண் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். நூறாண்டுக்குப் பிறகு அங்கே நாளிதழ்களுக்குக் கணினி வந்தது. டைப்ரைட்டர் விசைப்பலகை முன் உட்காருவதை ‘பொம்பளை வேலை’ என்று அச்சுக்கோப்பவர்கள் கூசியதை சிந்தியா காக்பர்ன் 1983இல் ‘பிரதர்ஸ்’ என்ற நூலில் எழுதினார்.

1985இல் பேஜ்மேக்கர் வந்தது. எங்கள் ஊருக்கு டி.டி.பி. வர மேலும் பத்தாண்டு ஆனது. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் முடித்த பெண்கள் அதன் முன் உட்கார்ந்தார்கள். எழுத்துரு தேர்வு, வரி இடைவெளி, ஓரம், படம் நிற்கும் இடம், பிழைதிருத்தம் என முன்பு பலர் செய்ததை ஒருத்தியே செய்தாள். அவளுக்குக் கிடைத்த பெயர் ‘டைப் அடிக்கிற புள்ள’. கணினி வந்ததால் மட்டும் கைத்திறன் மதிப்பிழக்கவில்லை. அது பெண் கைக்கு வந்ததும் அதைத் திறன் என்று சொல்வதையே நிறுத்திவிட்டார்கள்.

நானும் நிறுத்தியவள்தான். என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாக அமைத்தவர் ஓர் அக்கா. விட்டுப்போன ஒற்றுகளைச் சேர்த்தார். அடிக்குறிப்புகள் பக்கம் தாண்டாமல் இரவெல்லாம் இழுத்துக் கட்டினார். நன்றியுரையில் நெறியாளருக்கு ஒரு பத்தி எழுதினேன். அவருக்கு எழுதியது ‘பிழையின்றித் தட்டச்சு செய்தவர்’ என்ற அரை வரி. அதில் பெயர்கூட இல்லை.

2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துருக் கோப்புகள் புதிய கணினிகளில் புரியாத குறிகளாகத் திறந்தன. அக்கா புது விசைப்பலகையைத் தானே பழகினார். இப்போது வாடிக்கையாளர்கள் கைபேசியிலேயே அழைப்பிதழ் செய்துகொண்டு வந்து, “பிரிண்ட் மட்டும் போடுங்க” என்கிறார்கள்.

என் கவிதைத் தொகுப்பை அவரே வடிவமைத்தார். உரிமைப் பக்கத்தில் ‘நூல் வடிவமைப்பு’ என்று அவர் பெயரைப் போடப்போவதைச் சொன்னேன். சிரித்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, பேரு போட்டா ரூவா கூடக் கெடைக்குமா?”

பெயரைப் போட்டேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று டைப்பிங் கூலி பேசியிருந்ததை மாற்றி, வடிவமைப்புக்குத் தனித் தொகை கொடுத்தேன். அந்த அண்ணாச்சிக்கு மரியாதையும் கூலியும் சேர்ந்தே வந்தன. அதனால்தான் அது தொழில்.