இஸ்தோப்பில் விரிந்த புத்தகக் கடை

பாரிஸில் சில்வியா பீச் 1919இல் திறந்த ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’யைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை எழும். நாட்டைவிட்டு வந்த ஹெமிங்வேக்கு அங்கே இரவல் புத்தகம் கிடைத்தது. வேறெவரும் அச்சிடத் துணியாத ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ 1922இல் அந்தக் கடையின் பெயரிலேயே வெளிவந்தது. நம்மவரில் யாழ்ப்பாணத்தாருக்குப் பூபாலசிங்கம் புத்தகசாலை இருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நாட்களில் அதையும் கொளுத்தினார்கள்.

டொரிங்டன், ஹோல்புறூக், டயகம என்று நீளும் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குள் அப்படியொரு கடை எழும்ப வழியே இருக்கவில்லை. படிப்பறிவின்மைதான் காரணம் என்பார்கள். நான் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். புத்தகக் கடைக்கு முதல் தேவை, நினைத்தவர் நினைத்த நேரத்தில் வந்துபோகும் தெரு. தோட்டத்துப் பாதையோ துரையின் சொத்து. வெளியார் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு.

அந்தப் பாதையில் புடவை வியாபாரியாக வேடமிட்டு நுழைந்தவர் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் தோறும் போய்த் தொழிலாளரின் நிலையை நேரில் கண்டறிய அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்திய அவர், 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். துணைவியார் மீனாட்சியம்மை பாரதி பாடல்களைக் கூட்டங்களில் பாடினார். தாமும் பாட்டுக் கட்டிச் சிறு நூலாக வெளியிட்டார். இவர்களும் நாடுவிட்டு வந்த எழுத்தாளர்களே. ஆனால் பாரிஸ்காரர்களைப் போல வாசகர் தம்மைத் தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருக்க இவர்களுக்கு வசதியில்லை.

நடேசய்யரின் துண்டுப் பிரசுரங்களுக்குக் கிடைத்த பெருமை பாட்டுப் புத்தகக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் குறை. ரயிலிலும் கடைவீதியிலும் பாடிக்கொண்டே சில சதத்துக்கு நாலைந்து தாள் புத்தகம் விற்றவர்கள் அவர்கள். கங்காணியின் கெடுபிடி, கடன், தொழிற்சட்டம் எல்லாம் கும்மி மெட்டிலோ சினிமா மெட்டிலோ வரும். வாங்கியவருக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் நட்டமில்லை. மெட்டு காதில் ஏறியிருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவுக்குள் கூட்டம் கூட முடியாது. கொழுந்து நிறுத்துத் திரும்பியவர்கள் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் குந்தியிருக்க, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும்; பெரியவர்கள் அடியை முடித்துக் கொடுப்பார்கள். எழுதியவரும் விற்றவரும் பாடியவரும் சில வேளைகளில் ஒரே ஆள். பதிப்பகம், விற்பனை, விமரிசனம் மூன்றும் அந்தத் தோள்பையில் இருந்தன.

1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஒரு விபரீதத்தைச் செய்தது. வட்டகொடை மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். அடுத்த ஆண்டே அவரைத் தெரிவுசெய்த மக்களில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். ஜாய்ஸ் கப்பலேறி அந்நியரானார். நம்மவர் பிறந்த லயத்தை விட்டு அசையாமலே அந்நியரானார்கள். கப்பலேற்றம் பிறகு வந்தது: 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதி வைத்தது. தகரப் பெட்டிகளோடு தலைமன்னார் போனவர்களிடம் பாட்டுப் புத்தகங்களும் இருந்திருக்கும். நீலகிரிப் பக்கத்தில் இப்போது தேடினால் சில அகப்படலாம்.

சி. வி. தொகுத்த நாட்டார் பாடல்களும் சாரல் நாடன் நடேசய்யரைப் பற்றி எழுதிய நூல்களும் இல்லாவிட்டால் இதில் பாதி நமக்குத் தெரிந்திராது. மு. நித்தியானந்தனின் ‘கூலித் தமிழ்’ இன்னும் பின்னே, கோப்பிக் காலம் வரை போகிறது. இதைப் படிக்கிறவர் எவர் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது அட்டை போன பாட்டுப் புத்தகம் ஒன்று கிடந்தால், பழங்கடுதாசி என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் காட்டுங்கள். நூல்களை மின்வடிவில் சேமிக்கும் ‘நூலகம்’ நிறுவனத்தார் அதை மின்வருடி உங்களிடமே திருப்பித் தரக்கூடும்.