நாணல் வெட்டுவோரும் சதுப்புநில ஆட்சியும்: நோர்போக் பிரதேச வரலாறு பற்றிய சில குறிப்புகள்

சதுப்புநிலத்தை மனிதக் கை படாத இயற்கையாகக் காண்பது, அதில் இறங்கி உழைக்காதவர்களின் நோக்காகும். கிழக்கு இங்கிலாந்தின் நோர்போக், சபோக் மாவட்டங்களிலுள்ள 'புறோட்ஸ்' என்னும் ஏரித்தொகுதியின் வரலாறு இந்நோக்கினைத் தகர்த்துவிடுகிறது. மத்தியகால உழைப்பாளர் எரிபொருளுக்காகப் 'பீற்' மண்ணை வெட்டியெடுத்த குழிகளே பின்னர் நீர் நிரம்பி ஏரிகளாயின என்பதை, 1950களில் தாவரவியலாளர் ஜோய்ஸ் லாம்பேட்டும் அவருடன் ஆராய்ந்தோரும் நிறுவினர்.

ஏரிக்கரைகளும் உழைப்பின் விளைவுகளே. மாரியில் இலையுதிர்ந்த நாணல், கூரை வேய்வதற்காக வெட்டப்படுகிறது. அரம் போன்ற விளிம்புடைய கோரை கோடையில் வெட்டப்படுகிறது. வளைந்துகொடுக்கும் இயல்பினால் அது கூரை முகட்டுக்கு உதவுகிறது. ஆண்டுதோறும் வெட்டினால் கோரை நலியும். வெட்டாது விட்டாலோ காலப்போக்கில் மரங்கள் அடர்ந்துவிடும். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டும் சுழற்சி தலைமுறைகளின் அனுபவத்திற் பிறந்த அறிவாகும்.

இவ்வறிவுடையோருக்கு நிலத்தின் ஆட்சியில் எவ்விடம் கிடைத்தது? 1549இல் ரொபேட் கெற் தலைமையிற் கிளர்ந்தெழுந்த நோர்போக் மக்களின் 29 கோரிக்கைகளுள், நாணல் நிலமும் புல்வெளியும் ஏழாம் ஹென்றியின் முதலாம் ஆட்சியாண்டில் (1485-86) இருந்த விலைக்கே கிடைத்தல் வேண்டும் என்பதும் ஒன்று. கிளர்ச்சி நசுக்கப்பட்டது, கெற் அவ்வாண்டு டிசம்பரில் நோர்விச்சில் தூக்கிலிடப்பட்டார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாடாளுமன்றச் சட்டங்கள் பொதுநிலங்களை வேலியடைத்துத் தனியுடைமையாக்கின. பல ஊர்களில் ஏழைகள் எரிபொருள் வெட்டுவதற்கென ஒரு துண்டு நிலம் விடப்பட்டது. ஆயின் அதன் பொறுப்பு நிலப்பிரபு, மதகுரு முதலிய தருமகர்த்தாக்களிடமே இருந்தது. உரிமை தருமமாக மாறியது, உரித்தாளர் இரவலராயினர்.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1989இல் புறோட்ஸ் அதிகாரசபை இயங்கத் தொடங்கியது. அதன் உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்வதில்லை. உள்ளூராட்சி மன்றங்களும் மத்திய அமைச்சருமே பெரும்பாலும் நியமிக்கின்றனர். படகுப் போக்குவரத்தைக் கவனிக்கும் குழுவொன்றுக்குச் சட்டம் இடமளித்தது. நாணல் வெட்டுவோருக்கென அத்தகைய இடம் ஒதுக்கப்படவில்லை. மன்ற உறுப்பினர் உள்ளூர் மக்களைப் பிரதிநிதித்துவம் செய்கின்றனரே எனலாம். ஆனால் வெட்டுவோர் மிகச் சிலர். பிரதேச அடிப்படையிலான பிரதிநிதித்துவத்தில் உற்பத்தியாளரின் குரல் எளிதில் அமிழ்ந்துபோகும்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். பிரித்தானியாவில் வேயப்படும் நாணலின் பெரும்பகுதி இன்று இறக்குமதியாவதால் உள்ளூர் வெட்டுவோரின் வருவாய் நிச்சயமற்றதாயுள்ளது. அதேவேளை, இப்பிரதேசத்துக்கே உரிய சுவாலோரெயில் வண்ணத்துப்பூச்சி வாழும் திறந்த சதுப்பு, தொடர்ந்து வெட்டப்படுவதாலேயே நிலைத்திருக்கிறது. சந்தை கைவிடும் உழைப்பை இயற்கைப் பாதுகாப்பு வேண்டிநிற்கிறது. ஆயினும் அவ்வுழைப்பாளரை ஆலோசனை கேட்கப்படுவோராக நடத்துவது வேறு, முடிவெடுப்போராக ஏற்பது வேறு. எப்போது, எங்கே, எவ்வளவு வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் அவையில் வெட்டுபவருக்கு உரிமையுள்ள ஓர் ஆசனம் வேண்டும். 1549இல் எழுந்த வினா நில விலையைப் பற்றியது. இன்றைய வினா அதிகாரத்தைப் பற்றியது. இரண்டும் ஒரே வரலாற்றின் தொடர்ச்சியே என்பது எமது கருத்தாகும்.