அமானிதமாகிப் போன பிள்ளைகள்

போர் வரலாறுகளைப் படிக்கும்போது தளபதிகளின் பெயர்களையும், கோட்டைகள் வீழ்ந்த நாட்களையும் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். அக்கோட்டைகளுக்குள் இருந்த தாய்மார்களையும் பிள்ளைகளையும் வரலாறு ஒரே வரியில் கடந்துவிடுகிறது. அந்த ஒரு வரியை விரித்துரைக்கும் நாவல் ஒன்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். ருஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் எழுதிய 'ஹாஜி முராத்' என்பதே அது.

காக்கேசிய மலைநாட்டை அடிமைப்படுத்த ருஷ்யப் பேரரசு படையெடுத்த காலம் அது. தாகெஸ்தான், செச்னியா மக்களை ஒன்று திரட்டி, 1834 முதல் 1859 வரை இருபத்தைந்து ஆண்டுகள் அப்படையை எதிர்த்து நின்றவர் இமாம் ஷாமில் அவர்கள். அவர்களுடைய நாயிபுகளுள் வீரத்தால் பெயர் பெற்றவர் அவார் இனத்தவரான ஹாஜி முராத். இருவருக்கும் இடையே பிளவு முற்றியது. 1851 ஆம் ஆண்டின் இறுதியில் ஹாஜி முராத் ருஷ்யர்களிடம் அடைக்கலம் புகுந்தார். அவருடைய குடும்பமோ இமாமின் பிடியில் சிக்கிக்கொண்டது. நாவலின் முடிச்சு இதுதான்.

அப்போது டால்ஸ்டாய் இருபத்து மூன்று வயது இளைஞராக அதே காக்கேசியாவில் இருந்தார். டிப்லிஸ் நகரிலிருந்து தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், ஹாஜி முராத் சரணடைந்ததை இழிசெயல் என்றே குறிப்பிட்டார். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1896 இல், அதே மனிதரைப் பற்றி எழுத அமர்ந்தபோது அவர் பார்வை மாறியிருந்தது. 1904 வரை திரும்பத் திரும்பத் திருத்தியும் தம் வாழ்நாளில் அவர் அதை வெளியிடவில்லை. அவர் மறைந்த பின்னர், 1912 இல், தணிக்கையாளரின் வெட்டுகளுடன் நாவல் வெளிவந்தது.

நாவலில் ஹாஜி முராத் ருஷ்ய ஆட்சியாளர் வரோன்ட்சோவிடம் இடைவிடாமல் வேண்டுவது ஒன்றுதான்: கைதிகளைக் கொடுத்தாவது தம் குடும்பத்தை மீட்டுத் தர வேண்டும். குடும்பம் பகைவரிடம் இருக்கும்வரை தாம் கைகால் கட்டுண்டவரே என்கிறார். இது கற்பனையன்று. இச்செய்தி அடங்கிய வரோன்ட்சோவின் கடிதத்தை டால்ஸ்டாய் நாவலிலேயே சேர்த்திருக்கிறார். நாட்கள் கடக்கின்றன, உறுதிமொழிகள் பெருகுகின்றன, குடும்பம் மட்டும் வந்து சேரவில்லை. மறுபுறம், தந்தை திரும்பி வராவிடில் மகன் யூசுபின் கண்கள் பறிக்கப்படும் என்ற மிரட்டல் வருவதாக நாவல் சித்திரிக்கிறது. மனிதரிடம் வளர்ந்து, காலில் மணியோடு தன் கூட்டத்திற்குத் திரும்பிய வல்லூறைப் பிற வல்லூறுகள் கொத்திக் கொன்ற மலைநாட்டுக் கதை அவர் நினைவுக்கு வருகிறது. இரு பக்கமும் வழி அடைபட்ட நிலையில், 1852 ஆம் ஆண்டில் அவர் தப்பி ஓடுகிறார். நீர் பாய்ச்சிய நெல்வயல்களில் குதிரைகள் சேற்றில் சிக்குகின்றன. சூழ்ந்துகொண்ட படையுடன் போரிட்டு மடிகிறார்.

டால்ஸ்டாய் ஒரு குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. தம் அண்ணன் பிள்ளைகுட்டிக்காரன் என்பதற்காக அவனுக்குப் பதிலாகப் படைக்குச் சென்ற அவ்தேயெவ் என்ற குடியானவன் குண்டு பட்டு இறக்கிறான். தாய் அவனுக்கு அனுப்பிய கடிதமும் ஒரு ரூபிளும் திரும்பி வருகின்றன. ஹாஜி முராதை விருந்தினராக ஏற்ற சாதோவின் சிற்றூர் ருஷ்யப் படையால் சூறையாடப்படுகிறது. அவன் மகன் துப்பாக்கி ஈட்டிக்கு இரையாகிறான். பள்ளிவாசலும் நீரூற்றும் அசுத்தப்படுத்தப்படுகின்றன. அந்தக் குடியானவத் தாயின் அழுகைக்கும் சாதோவின் வீட்டு ஒப்பாரிக்கும் இடையே எந்த வேறுபாட்டையும் நாம் காண்பதில்லை.

நாவல் விரித்துரைக்காத இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1839 இல் அஹுல்கோ கோட்டை முற்றுகையிடப்பட்டபோது, உடன்பாட்டுக்குப் பிணையாக இமாம் ஷாமில் அவர்கள் தம் மூத்த மகன் ஜமாலுத்தீனை ருஷ்யர்களிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அப்போது அவர் சிறுவர். அம்முற்றுகையிலேயே இமாமின் மனைவியருள் ஒருவரும் கைக்குழந்தையும் மாண்டனர். பீட்டர்ஸ்பர்க்கில் ஜமாலுத்தீன் ருஷ்யராகவே வளர்க்கப்பட்டு, ஜார் படையில் அதிகாரியும் ஆனார். 1854 இல் இமாமின் படையினர் ஜார்ஜியாவின் சினந்தாலி மாளிகையிலிருந்து இளவரசிகளையும் அவர்களின் பிள்ளைகளையும் சிறைபிடித்தனர். மறு ஆண்டு, அவர்களுக்கு மாற்றாக மகனும் 40,000 ரூபிளும் இமாமிடம் வந்து சேர்ந்தன. மகனுக்கோ தாய்மொழி பெரிதும் மறந்து போயிருந்தது. இரண்டு உலகத்திலும் வேரற்றவராக, 1858 இல் காசநோயால் காலமானார்.

இத்தகைய பிணையாளர்களைக் காக்கேசியாவில் 'அமானத்' என்றே அழைத்தனர். நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் 'அமானிதம்' என்ற சொல்லே அது. பேணிக் காத்துத் திருப்பித் தர வேண்டிய பொருள் என்பதே நாம் அறிந்த பொருள். அச்சொல்லைப் போர் அச்சுறுத்தலின் பெயராக மாற்றிவிட்டது. மகனைப் பிணையாகக் கொடுத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஏங்கிய தந்தையே, இன்னொரு தந்தையின் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தார்.

இமாம் அவர்கள் 1859 இல் சரணடைந்து, ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பயணத்தில் 1871 ஆம் ஆண்டு மதீனாவில் மறைந்து, ஜன்னத்துல் பகீயில் அடங்கினார்கள். அவர்கள் தியாகம் பெரிது. அதை எவரும் குறைத்துவிட முடியாது. ஆயினும் நாம் மதிக்கும் பெரியோரின் வரலாற்றிலும் இத்தகைய பக்கங்கள் உண்டு என்பதை நம் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை. நீதியின் பக்கம் நின்றவர்களின் கைகளிலும் பிள்ளைகள் பிணைப்பொருளாயினர் என்பதை அறிந்தவர்களுக்கே, அமானிதம் என்ற சொல்லின் முழுக் கனமும் விளங்கும்.