எல் கமீனோ: காராகவும் பிக்கப்பாகவும் ஓடிய வண்டி

செவ்ரோலெட் எல் கமீனோ என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1959, 1960 மாதிரியாண்டுகளிலும், பின்னர் 1964 முதல் 1987 வரையிலும் விற்ற வண்டியாகும். இதன் முன்பாதி இரு கதவுகள் கொண்ட கார். பின்பாதி சரக்கு ஏற்றும் திறந்த தொட்டி. 'எல் கமீனோ' என்ற ஸ்பானியத் தொடருக்குப் 'பாதை' என்று பொருள். விற்பனையில் இருந்த காலத்தில், 'இது காரா, லாரியா?' என்ற கேள்வி இந்த வண்டியை விட்டு அகலவே இல்லை. அந்தக் கேள்விக்கு இடம் தந்த அமைப்புக்காகவே பழைய வண்டிகளைச் சேகரிப்போர் இன்று இதைத் தேடி வாங்குகிறார்கள்.

தோற்றம்

நம் ஊர்களில் ஆட்கள் போக வில்வண்டியும், மூட்டை ஏற்றக் கட்டைவண்டியும் தனித்தனியே இருந்தன. வசதியுள்ள வீட்டில் இரண்டும் நிற்கும். மற்றவர்கள் ஒன்றை வைத்துச் சமாளிப்பார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஆஸ்திரேலிய விவசாயிகளின் நிலையும் ஏறத்தாழ இதுதான். 1932இல் விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்து பகுதியிலிருந்து விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு ஆஸ்திரேலியா நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்பர். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

ஜீலாங் நகரில் இருந்த அந்நிறுவனத்தின் இளம் வடிவமைப்பாளர் லூ பாண்ட் இதற்கு விடை கண்டார். மூடிய கார் அறையின் பின்பக்கத்தையும் சரக்குத் தொட்டியின் பக்கத் தகடுகளையும் ஒரே உடலாக இணைத்தார். 1934இல் வெளிவந்த இவ்வகை வண்டியை ஆஸ்திரேலியர்கள் 'யூட்' என்று செல்லமாக அழைத்தனர்.

அமெரிக்காவில்

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1957 மாதிரியாண்டில் ரான்செரோ என்ற பெயரில் இத்தகைய வண்டியை விற்கத் தொடங்கியது. அதற்குப் போட்டியாக 1959இல் வந்ததே எல் கமீனோ. அகன்று விரிந்த பின்சிறகுகள் கொண்ட அந்த ஆண்டின் செவ்ரோலெட் காரையே இது அடிப்படையாகக் கொண்டது. முதல் ஆண்டில் 22,000க்கு மேல் விற்றது. 1960இல் அது சுமார் 14,000ஆகக் குறைந்தது. நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியது. அதே 1960இல் ஃபோர்டு தன் ரான்செரோவைச் சிறிய பால்கன் காரின் அடித்தளத்துக்கு மாற்றிக்கொண்டது.

1964இல் எல் கமீனோ திரும்பி வந்தபோது செவ்ரோலெட்டும் அவ்வழியிலேயே சென்றது. முன்னதைவிடச் சிறியதான ஷெவெல் கார் இதற்கு அடிப்படையானது. இந்த முடிவுதான் பின்னாளில் இதன் மதிப்பை நிர்ணயித்தது. ஷெவெல்லுக்குக் கிடைத்த பெரிய எஞ்சின்கள் எல் கமீனோவுக்கும் கிடைத்தன. 1970இல் 454 கன அங்குல (சுமார் 7.4 லிட்டர்) எஞ்சின் பொருத்திய 'எஸ்எஸ்' வகை வந்தது. அதன் உயர்ந்த பிரிவின் திறன் 450 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது. வைக்கோல் ஏற்றக்கூடிய தொட்டியோடு பந்தயக் காரின் வேகமும் ஒரே வண்டியில் சேர்ந்தன.

அந்த வேகம் நீடிக்கவில்லை. புகை வெளியேற்றக் கட்டுப்பாடுகள், காப்பீட்டுக் கட்டண உயர்வு, 1973இன் எண்ணெய் நெருக்கடி ஆகியவை பெரிய எஞ்சின்களின் காலத்தை முடித்துவைத்தன. 1978இல் வண்டியின் உருவமும் சுருங்கியது. ஃபோர்டு 1979உடன் ரான்செரோவை நிறுத்தியது. 1982இல் செவ்ரோலெட்டே எஸ்-10 என்ற சிறிய பிக்கப்பைக் கொண்டுவந்தது. பெரிய பிக்கப்புகளிலும் காருக்குரிய சொகுசு வந்து சேர்ந்தது. இடையில் நின்ற வண்டிக்கு இடமில்லாமல் போய், 1987உடன் எல் கமீனோ விடைபெற்றது.

சேகரிப்போரின் ஈர்ப்பு

முதல் காரணம், உதிரிபாகங்கள் எளிதில் கிடைப்பது. முன்பாதியும் எஞ்சினும் ஷெவெல்லுக்கு உரியவை என்பதால், அக்காருக்காக இன்று புதிதாகச் செய்யப்படும் பாகங்கள் பலவும் இதற்கும் பொருந்தும். அதே ஆண்டின் ஷெவெல் எஸ்எஸ் காரைவிட இதன் விலையும் பொதுவாகக் குறைவு.

இரண்டாவது காரணம், நல்ல நிலையில் உள்ளவை அரிதாக இருப்பது. கார் வீட்டு நிழலில் நிற்கும். சுமை வண்டி மழையிலும் மண்ணிலும் உழைக்கும். தொட்டியின் தளம், சக்கர வளைவுகள், பின்கதவு ஆகியவை முதலில் துருப்பிடிக்கும். உழைத்துத் தேய்ந்த வண்டிகள் காயலான் கடைக்குப் போயின. எடுத்துப் பூட்டிவைக்கத் தகுந்த பொருள் என்று அன்று யாரும் இதை நினைக்கவில்லை.

மூன்றாவது, இதன் அமைப்பில் ஒளிந்திருக்கும் வரலாறு. குடும்பத்தினர் செல்லும் ஸ்டேஷன் வேகன் காரின் தரைத்தகட்டின் மேல்தான் எல் கமீனோ கட்டப்பட்டது. அதனால் பின்இருக்கைக்காரர்கள் கால் வைக்கும் பள்ளம் சரக்குத் தொட்டியின் அடியில் அப்படியே இருக்கிறது. இருக்கை இல்லை, பள்ளம் மட்டும் உண்டு. மூடியைக் கழற்றி அதைக் காட்டுவதில் உரிமையாளர்களுக்குத் தனி மகிழ்ச்சி. ஆங்கிலத்தில் அதற்குக் 'கடத்தல்காரன் பெட்டி' என்று பொருள்படும் பட்டப்பெயரும் உண்டு.

உண்மையும் போலியும்

விலை ஏறும் இடத்தில் போலியும் வரும். 1968 மாதிரியில் வண்டி எண்ணைப் பார்த்தே அது எஸ்எஸ் வகையா என்று அறியலாம். 1969இல் எஸ்எஸ் என்பது கூடுதலாகக் காசு கொடுத்துப் பெறும் தொகுப்பாக மாறியது. ஆகவே 1969, 1970 வண்டிகளின் எண் அதைச் சொல்லாது. சாதாரண வண்டியில் எஸ்எஸ் சின்னத்தை ஒட்டி விற்பது எளிதாயிற்று. இதனால், தயாரிப்பின்போது தொழிலாளர்கள் பயன்படுத்திய விவரத்தாளுக்கு இன்று மதிப்பு அதிகம். பெட்ரோல் டாங்கின் மேலோ இருக்கையின் அடியிலோ மறந்து விடப்பட்ட அந்தக் காகிதம், பூச்சிகளுக்கும் ஈரத்துக்கும் தப்பிக் கிடைத்தால், வண்டியின் பிறப்புச் சான்றிதழ் போன்றது.

ஓட்டுவதா, காப்பதா?

அரிய வண்டியை ஓட்டலாமா, காட்சிக்கு மட்டும் வைக்கலாமா என்பது சேகரிப்போரிடையே முடியாத விவாதம். உழைப்பதற்காகப் பிறந்த வண்டியில் இது இன்னும் கூர்மையாகிறது. தொட்டியில் ஒரு மூட்டை வைத்தாலும் வண்ணப்பூச்சு கீறும். எதையும் ஏற்றாவிட்டால் அந்தத் தொட்டி இருப்பதன் பொருளே போய்விடும்.

லூ பாண்ட் ஓட்டுவோர் பக்கம் நின்றவர். ஓய்வுபெற்ற பின் 1934 மாதிரி யூட் ஒன்றைச் சீரமைத்து வைத்திருந்தார். எல் கமீனோ நின்றுபோன அதே 1987இல், அந்த வண்டியை ஓட்டிச் சென்றபோது சாலை விபத்தில் காலமானார். அவர் தொடங்கிவைத்த மரபு ஆஸ்திரேலியாவில் மேலும் முப்பது ஆண்டுகள் தொடர்ந்தது. 2016இல் ஃபோர்டு பால்கன் யூட்டும், 2017இல் ஹோல்டன் யூட்டும் நின்றன. சேகரிப்போர் காத்துவரும் வண்டிகளில்தான் இனி அந்த மரபைக் காண முடியும்.