சாயம் மாறிய மூளை: 1963இல் வேலூரில் கிடைத்த ஒரு விடை

ஒரு நீண்ட பதிவு. பொறுமையா படிங்க.

நல்லா நடந்துக்கிட்டிருந்த குழந்தை ஒன்றரை, ரெண்டு வயசுல தடுமாற ஆரம்பிக்கும். அப்புறம் நிக்க முடியாது. பேசின வார்த்தைகளும் ஒவ்வொண்ணா போயிடும். "எதையோ பார்த்து பயந்திருக்கு"ன்னு மந்திரிக்கக் கூட்டிப் போவாங்க. இப்படி வரும் சில குழந்தைகளுக்குக் காரணம், மூளையில் தேங்கும் ஒரு கொழுப்பு.

நோயின் பெயர் மெட்டாகுரோமாட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி. வாயில நுழையாது. ஆனா சின்னாளபட்டியில் சேலைக்குச் சாயம் ஏத்துறவங்களுக்கு அர்த்தம் சட்டுனு புரியும்: ஊதாவாக ஏற வேண்டிய சாயம் மூளைத் திசுவில் பழுப்பாக ஏறுது. 1910லேயே இதைக் கவனித்தவர் அல்சைமர். ஆமா, மறதி நோய்க்குப் பெயர் வந்ததே, அவரேதான். நிறத்தை மாற்றும் அந்தப் பொருள் சல்ஃபடைட் என்ற கொழுப்பு என்பது தெரிய 1950களின் கடைசி ஆகிவிட்டது.

அது ஏன் தேங்குது? வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு வேதியியல் ஆய்வகம் நடத்திய பி.கே. பச்சாவத், அவருடன் ஏ.எஸ். பாலசுப்பிரமணியன், டி.என். பட்டாபிராமன் உள்ளிட்டோர், அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினோடு சேர்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரையில் விடை இருந்தது. சல்ஃபடைட்டை உடைக்கும் அரைல்சல்ஃபடேஸ்-ஏ என்ற நொதி இந்தக் குழந்தைகளிடம் இல்லை. நம்ம பாடப்புத்தகத்தில் இதுக்கு ஒரு வரிகூட கிடையாது என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஒரு கொழுப்பு தேங்கினா நரம்பு ஏன் கெடணும்? செல்லின் சவ்வு ஒரே சீரான எண்ணெய் இல்லை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்க: பாதி உருகி, பாதி திட்டுத் திட்டா உறைஞ்சிருக்கும். சவ்விலும் கொலஸ்ட்ராலும் சல்ஃபடைட் போன்ற கொழுப்புகளும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத திட்டுகளாக மிதக்குது, சில புரதங்களைச் சுமந்துக்கிட்டு. 1997இல் சைமன்ஸ், இகோனன் இருவரும் இந்தக் கருத்தைத் தெளிவாக முன்வைத்தார்கள். 2004இல் வந்த எலி ஆய்வில், சல்ஃபடைட் தேங்கும்போது இந்தத் திட்டுகளில் இருக்க வேண்டிய 'மால்' என்ற புரதம் குறைந்தது. இடம் மாறி செல்லின் குப்பைக்கிடங்குப் பக்கமும் ஒதுங்கியது. நரம்பின் மேலுறை சிதைவதற்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அம்மா, அப்பா இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகள், மாமன் மகள் கல்யாணம் சகஜமா இருக்கிற நம்ம திண்டுக்கல் பக்கம் இதைச் சொல்லாமல் இருக்க முடியல. சொந்தத்தில் கட்டாதவங்களுக்கும் வரும், அதையும் சொல்லிடறேன்.

2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மரபணு சிகிச்சைக்கு அந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட விலை 42.5 லட்சம் டாலர், அப்போதைய நம்ம கணக்கில் சுமார் 35 கோடி ரூபாய். அதுவும் அறிகுறி வருவதற்கு முன்போ, மிக ஆரம்பத்திலோ கொடுத்தால்தான் நல்ல பலன். மூத்த குழந்தைக்கு இந்த நோய் உறுதியானால், நல்லா ஓடியாடுற இளைய குழந்தைக்கும் அந்த நொதியை ரத்தத்தில் பார்த்துடுங்க. அடுத்த கர்ப்பம் என்றால், முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே மரபியல் மருத்துவரைப் பாருங்க.