மாலை கழற்றிய மறுநாள்

திருமங்கலத்தில் பிரிந்து கொல்லம் போகிற நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் ஊடறுத்துக்கொண்டு தென்காசி, செங்கோட்டை வழியாக மலையேறுகிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் அது ஐயப்பமார்களின் சாலை. நூற்பாலையில் ஷிப்ட் பார்க்கிறவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர், பால்கோவா சட்டி முன்னால் நின்று கிண்டுகிறவர் என்று எல்லாத் தரப்பிலும் கழுத்தில் துளசி மணி ஏறும். நேற்றுவரை ‘டேய்’ என்று கூப்பிட்டவர்கள் இன்று ‘சாமி’ என்பார்கள். பெண்டாட்டியும் சாமி என்பாள், சூப்பர்வைசரும் சாமி என்பார். வேட்டி கறுப்பாகும், படுக்கை தரைக்கு வரும், காலில் செருப்பு இருக்காது. பொழுது சாய்ந்தால் டாஸ்மாக் பக்கம் ஒதுங்குகிற பழக்கம் உள்ளவரும் அந்த 41 நாள் அந்தத் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை. மலைக்குப் போய் வந்து, தாயார் கையாலோ குருசாமி கையாலோ மாலையைக் கழற்றிய பிறகு அவர்களில் பலர் எங்கே போகிறார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம்தான். குடியை நிறுத்த இந்த வட்டாரம் கண்ட வழிகளின் வரலாற்றைப் பார்த்தால் விரதம், சத்தியம், சட்டம், ஏச்சு எல்லாமே இருந்திருக்கின்றன. நிறுத்துவதற்கான காரணத்தைக் குடிக்கிறவர் வாயாலேயே கேட்டு வாங்கும் வழக்கம் மட்டும் பெரிதாக வேர்விடவில்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிவைத்த மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் என்ற உரையாடல் முறை செய்வது அதைத்தான். இன்று அதைக் கைப்பேசியிலேயே பெற முடிகிறது. இது வெள்ளைக்காரன் சரக்கு, நம் மரபுக்கு ஒட்டாது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். மரபு கைவிட்ட நாளிலிருந்து தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது என்பது என் வாதம்.

விரதத்தின் பழமைக்குச் சான்று தேடி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஆண்டாளின் திருப்பாவையே ஒரு நோன்பின் கதை. அதன் இரண்டாம் பாசுரத்தில் நோன்பு நாட்களில் விலக்கப்போவது என்னென்ன என்று ஒரு பட்டியல் வருகிறது: நெய், பால், கண்மை, பூ. அந்தப் பட்டியல் தன்மைப் பன்மையில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். விலக்குவது ‘நான்’ அல்ல, ‘நாங்கள்’. ஆறாம் பாசுரம் தொடங்கிப் பத்துப் பாசுரங்கள் தோழிகளின் வாசல் வாசலாக நின்று எழுப்புவதிலேயே கழிகின்றன. ஆண்டாளைப் போதை மறுவாழ்வு ஆலோசகராக்கும் அபத்தம் எனக்கு வேண்டாம். அவர் பாடியது வேறு மதுவை. நோன்பு என்ற அமைப்பின் எலும்புக்கூடு மட்டும் அங்கே தெளிவாகத் தெரிகிறது. விலக்க வேண்டியது எது என்பதில் ஐயமில்லை, விலக்குகிறவர்கள் கூட்டமாக இருக்கிறார்கள், முடிகிற நாள் முன்கூட்டியே தெரியும். ஐயப்ப விரதமும் இதே எலும்புக்கூட்டின் மேல்தான் நிற்கிறது. குடியை விடுவதற்கென்றே தமிழ்நாட்டில் பல கோயில்களில் உள்ள கயிறு கட்டும் சடங்கிலும் பாதி இதுதான். பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிறோ கறுப்புக் கயிறோ கட்டுவார். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று கெடு வைத்துக் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. மீறினால் சாமி குத்தம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சுலபம். ஆனால் கையில் கயிறு இருக்கும்வரை ‘ஒரு ரவுண்டு வாப்பா’ என்று கூப்பிடச் சேக்காளிகளுக்கே தயக்கம் வருகிறது என்பது சாதாரண பலம் இல்லை. விரதத்தின் குறை அதன் முடிவு நாளில் இருக்கிறது. கெடு முடிந்ததும் கூட்டம் கலைகிறது, ‘சாமி’ மறுபடி ‘டேய்’ ஆகிறார், அவரைத் தடுத்து நிறுத்திய அத்தனையும் ஒரே நாளில் விலகிக்கொள்கின்றன. அவை எல்லாமே வெளியே இருந்து வந்தவை.

சட்டமும் வெளியே இருந்து வந்ததுதான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அதனால் விழுந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் வந்ததுதான் பொது விற்பனை வரி. மதுவிலக்கு போய்விட்டது, வரி மட்டும் நிலைத்துவிட்டது. 1948 அக்டோபர் 2-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் சென்னை மாகாணம் முழுவதும் வறண்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் இடத்துக்கு வந்த பூ.ச. குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர், காந்தியத்தில் ஊறியவர். 1952 வரை முழு மதுவிலக்கு மாகாணத்துக்குத் தலைமை வகித்தார். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1971-ல் மு. கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தி, 1974-ல் மறுபடி கொண்டுவந்தார். 1981-ல் எம்.ஜி.ஆர். கடைகளைத் திறந்தார், 1983-ல் மது மொத்த விற்பனைக்கான அரசு நிறுவனமாக டாஸ்மாக் பிறந்தது, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. 1925 வாக்கில் ராஜபாளையத்தில் பிறந்த ஒருவர் தன் ஆயுளுக்குள் கள்ளுக்கடையைப் பார்த்திருப்பார், அது மூடியதைப் பார்த்திருப்பார், திறந்து மூடித் திறந்ததைப் பார்த்திருப்பார், கடைசியில் அரசாங்கமே கடை நடத்துவதையும் பார்த்திருப்பார். இத்தனை திருப்பங்களிலும் அரசு பேசியது கடையோடும் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனோடும். குடிக்கிறவனோடு பேசியது போலீஸ் மட்டும்தான். சட்டம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. கடை தூரத்தில் இருந்தால் குடி குறையும் என்பதை மறுக்க நான் தயாரில்லை. சட்டமும் ஒருவகையில் கெடு வைத்த கயிறு. கெடுவை வைத்தவர் வேறொருவர், அவிழ்க்கிறவரும் வேறொருவர்.

மிச்சம் இருந்தது ஏச்சு. மாமனார் வந்து சத்தம் போடுவார், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவார்கள், ஊர்ப் பெரியவர் முன் நிறுத்தி மானத்தை வாங்குவார்கள். இதை நம் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று நினைத்து வெட்கப்படத் தேவையில்லை. அமெரிக்கா இதையே சிகிச்சை என்று பெயர் வைத்து நடத்தியது. 1958-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய சைனனான் என்ற அமைப்பில் போதைக்காரரை நடுவில் உட்காரவைத்துச் சுற்றியிருந்தவர்கள் வாய்க்கு வந்தபடி தாக்குவார்கள். மறுப்பை உடைத்தால்தான் மனிதன் திருந்துவான் என்ற அந்தக் கொள்கை பல சிகிச்சை மையங்களுக்குப் பரவியது. மில்லர் எதிர்த் திசையில் போனார். 1982-ல் நார்வேயின் பெர்கன் நகரில் இளம் உளவியலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, ‘இந்த இடத்தில் ஏன் இந்தக் கேள்வி கேட்டீர்கள், ஏன் வேறு கேட்கவில்லை’ என்று அவர்கள் அவரைக் குடைந்தார்கள். அதற்குப் பதில் சொல்லச் சொல்லத்தான் தான் செய்வது என்ன என்பது அவருக்கே பிடிபட்டது. அடுத்த ஆண்டு கட்டுரை, 1991-ல் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து புத்தகம். 1993-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு, ஆலோசகர் எவ்வளவுக்கெவ்வளவு எதிர்த்துப் பேசினாரோ அவ்வளவுக்கவ்வளவு அந்த நோயாளி ஓராண்டு கழித்தும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார் என்று காட்டியது. மாமனார்களுக்குக் கசக்கிற முடிவு.

முறை எப்படி நடக்கும்? ராஜபாளையத்து மில் தொழிலாளி ஒருவர் போனில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘குடியை விடணும்ங்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?’ என்று ஆலோசகர் கேட்பார். ‘நாலு போடலாம்’ என்கிறார் இவர். நாமாக இருந்தால் ‘நாலுதானா? பிள்ளைகளை நினைச்சுப் பார்த்தீங்களா?’ என்று ஆரம்பித்துவிடுவோம். உடனே அவர் குடிக்குச் சாக்குகளை அடுக்கித் தன்னைக் காத்துக்கொள்வார். முறை தெரிந்த ஆலோசகர் கேட்பது வேறு: ‘நாலு போட்டீங்களே, ஏன் ஒண்ணோ ரெண்டோ போடலை?’ இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் குடியை ஏன் விட வேண்டும் என்று அவரே பேசியாக வேண்டும். ராத்திரி ஷிப்டில் கை தடுமாறியது, மகள் பேசாமல் போனது, வட்டிக்கு வாங்கியது என்று ஒவ்வொன்றாக வரும். ஆலோசகர் அதைக் கேட்டு, அவர் சொன்னதையே சற்றுத் தெளிவாக்கித் திருப்பிச் சொல்வார். அடுத்து இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது: ‘போன வருஷம் மாலை போட்டு 41 நாள் தொடாம இருந்தீங்க. அதை எப்படிச் சாதிச்சீங்க?’ விரதம் முடிந்ததும் வீணாய்ப்போனது என்று ஊர் ஒதுக்கித்தள்ளிய அந்த நாட்கள் இங்கே கையிருப்பாக மாறுகின்றன. தன்னால் முடியாது என்று சொல்கிற ஆளிடம், முடிந்ததற்கு அவரே சாட்சி. மாலை போட்டு மலை ஏறியவர் எவருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும். வேண்டுதலையும் கயிற்றையும் கேலி செய்கிற ஆலோசகர் இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் போய்விடுவார்.

குடிகாரனிடம் பேசி ஆகாது என்பதற்கு வள்ளுவரையே சாட்சிக்கு அழைப்பார்கள். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் ஒன்பதாம் குறள், போதையில் இருப்பவனுக்குக் காரணம் காட்டுவதை நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதற்கு ஒப்பிடுகிறது. சரிதான், காரணம் காட்டுவது வீண் என்று மில்லரும் சொல்கிறார். பத்தாம் குறளை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தான் தெளிவாக இருக்கும் நேரத்தில் இன்னொரு குடிகாரனைப் பார்க்கிறவன் தன் நிலையை நினைத்துப் பார்க்கமாட்டானா என்று அது ஒரு கேள்வியோடு முடிகிறது. தெளிந்த நேரம், தானே நினைத்துப் பார்ப்பது, கேள்வி: வள்ளுவர் அதிகாரத்தை முடிப்பது இவற்றில்தான். இன்னொரு மறுப்பு கனமானது. நம்மவர்கள் டாக்டரிடம் போவதே புத்தி கேட்கத்தான். ‘நீங்க என்ன நினைக்கிறீங்க’ என்று திருப்பிக் கேட்டால் இவருக்கு ஒன்றும் தெரியாது போல என்று எழுந்துவிடுவார்கள் என்பது. இதற்குப் பதில் கோவாவில் கிடைத்தது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இந்த முறையை அடிப்படையாகக் கொண்ட ஆலோசனையைச் சோதித்தார்கள். 2017-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. கேடு விளைவிக்கும் அளவுக்குக் குடித்துவந்த 377 ஆண்கள். அதிகபட்சம் நான்கு அமர்வுகள். மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் அந்த நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். பெறாதவர்களில் 26 சதவீதம். அதிசயம் ஒன்றும் இல்லை, மூன்றில் இரண்டு பேருக்குப் பலிக்கவில்லை. ஆனாலும் இந்தியக் கிராமத்து ஆண் தன்னைப் பற்றிப் பேசமாட்டான் என்ற வாதத்துக்கு இனி இடமில்லை.

குடிநோய் சிகிச்சை தமிழ்நாட்டில் நெடுங்காலம் பெருநகரத்தை ஒட்டியே வளர்ந்தது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். தென்மாவட்டத்துக்கு மதுரைதான் கதி. ராஜபாளையத்துக்காரருக்கு மதுரை போவதில் பஸ் கட்டணம் பெரிய தடையில்லை. பஸ்ஸில் யார் பார்ப்பார்கள் என்பதே தடை. சின்ன ஊரில் ஒருவர் மனநல மருத்துவரைப் பார்த்த செய்தி அவர் வீடு திரும்புவதற்குள் தெருவுக்கு வந்துவிடும். இணையவழி ஆலோசனையின் உண்மையான லாபம் இந்த இடத்தில்தான். 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் மருத்துவர்கள் அப்படி ஆலோசனை தருவதற்குச் சட்டப்படியான தளம் கொடுத்தன. 2022 அக்டோபரில் 14416 என்ற அரசு மனநல உதவி எண் தமிழிலும் பேசத் தொடங்கியது. ஆனால் இந்த முறையில் பயின்றவரைக் கண்டுபிடிப்பது இன்னும் குழப்பமான காரியம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். ‘கவுன்சிலர்’ என்ற பலகையை யாரும் மாட்டிக்கொள்ளலாம். மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் பயிற்சியாளர்களுக்கு உலகளாவிய கூட்டமைப்பு ஒன்று உண்டு, ஆனால் அது ஆலோசகர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை. ஆக முதல் அரைமணி நேரமே சோதனை. இந்த முறையில் ஆலோசகரின் திறமையை அளப்பவர்கள், அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு தடவையாவது வந்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா என்று எண்ணுவார்கள். போனில் பேசுகிறவரும் எண்ணலாம். முதல் அமர்விலேயே சத்தியம் வாங்குகிறாரா, ‘இனிமே தொடக்கூடாது, புரியுதா’ என்கிறாரா, இருவரில் அதிகம் பேசியது யார் என்று பார்த்தால் போதும். நம் பேச்சில் ‘நீங்க’ என்கிறாரா ‘நீ’க்கு இறங்கிவிட்டாரா என்பதும் ஒரு நல்ல அளவுகோல்.

எல்லோருக்கும் இது ஆகாது. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இல்லாததைக் கண்டு பிதற்றியவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அவர் இடம் மருத்துவமனை, போன் இல்லை. கோவா ஆய்வும் இத்தகைய கடுமையான நிலையில் இருப்பவர்களைச் சேர்க்கவில்லை. மாலை போட்டு 41 நாள் உடம்பு படுத்தாமல் இருக்க முடிந்தவர் பெரும்பாலும் அந்தக் கட்டத்தை எட்டாதவர். பேச்சால் பயன்பெற வாய்ப்பு அதிகம் உள்ளவர் அவரே. அவர் யார் என்று குருசாமிக்குப் பெயர் பெயராகத் தெரியும். மாவட்ட மனநலத் திட்டத்துக்காரர்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் பதாகை பிடிப்பதோடு, கார்த்திகையில் ராஜபாளையத்துக் குருசாமிகளோடு ஒருநாள் உட்கார்ந்து பேசலாம். தை பிறந்து மாலை கழற்றுகிற அன்று குருசாமி தன் சாமிகளிடம் அந்த 14416 எண்ணைக் கொடுத்து, ‘ஒரு தடவை பேசிப் பாருங்க’ என்று சொன்னால் மாமனார் சொல்லிக் கேட்காதவரும் கேட்பார்.